சக்கரம் உருளுதலும் வழுக்குதலும்

பாரம் ஏற்றிய வண்டி நல்ல பாதையில் செல்லும்போது அதன் சக்கரம் உருளுகிறது என்கிறோம். டிராக்டரின் பின்சக்கரம் சேற்றில் அகப்பட்டு நின்ற இடத்திலேயே சுழலுமாயின், அது வழுக்குகிறது என்கிறோம். இவ்விரண்டும் யாவரும் அறிந்தவையே. ஆனால் உழவு வயலில் பெரும்பாலும் நிகழ்வது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு நிலை. சக்கரம் உருளவும் செய்கிறது, சிறிதளவு வழுக்கவும் செய்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது எளிதில் புலனாவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி டிராக்டர் அமர்த்தும் விவசாயியின் பணம் கரைவதும், அளவு பார்த்து விதைத்தவருடைய வயலில் பயிர் அருகலாய் முளைப்பதும் பல சமயங்களில் இந்நிலையினாலேயே. ஆகையால் உருளுதல் என்பது யாது, அது எப்பொழுது கெடுகிறது, கெட்டதை அளந்தறிவது எங்ஙனம் என்பவற்றை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

முதலில் மாட்டு வண்டியையே எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் குறுக்களவு 150 செண்டிமீட்டர் என வைத்துக்கொண்டால், அதன் சுற்றளவு சுமார் 471 செண்டிமீட்டர் ஆகும். இரும்புப் பட்டையின்மேல் ஓரிடத்தில் சுண்ணாம்பினால் ஒரு கோடு இட்டு வண்டியை ஓட்டினால், அக்கோடு தரையில் பதியும் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உள்ள தூரம் 471 செண்டிமீட்டராக இருத்தல் வேண்டும். அவ்வாறிருப்பின் சக்கரம் வழுக்காமல் உருண்டது எனலாம். தூரம் அதனின் மிகுந்திருந்தால், சக்கரம் தடைபட்டு, சுழலாமல் இழுபட்டது என்று பொருள். குறைந்திருந்தால், சக்கரம் தானே சுழற்றப்பட்டு, தரையைப் பற்றாமல் வழுக்கியது என்று பொருள். மாடு இழுக்கும் வண்டியில் முன்னது மாத்திரமே நேரக்கூடும். யந்திரம் சுழற்றும் சக்கரத்தில்தான் பின்னது நேரும். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னே கூறப்போகும் விஷயங்கள் யாவும் எளிதில் விளங்கும்.

ஒரு சுற்றுக்கு ஒரு சுற்றளவு என்னும் இவ்விதி மிகப் பழமையானது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் ரோமாபுரிச் சிற்பி, வண்டியோடு ஓடி வழியின் தூரத்தை அளக்கும் ஒரு கருவியைத் தமது நூலில் விவரித்துள்ளார். பன்னிரண்டரை அடி சுற்றளவுள்ள சக்கரம் 400 முறை சுழன்றால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல் ஆகும். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் கலத்தில் விழும்படி பற்சக்கரங்களை அமைக்கலாம் என்பது அவர் சொன்ன ஏற்பாடு. சக்கரம் வழுக்கினால் அக்கணக்கு பொய்த்துவிடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, உருளும் சக்கரத்தில் ஒரு வியப்பு உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் மட்டும் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது! வண்டி முன்னோக்கிச் செல்லும் வேகமும், சக்கரத்தின் அடிப்பாகம் பின்னோக்கிச் சுழலும் வேகமும் சமமாய் இருப்பதால் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. உச்சியிலோ இரண்டு வேகங்களும் ஒரே திசையில் கூடுகின்றன. ஆகையால் சக்கரத்தின் மேல்விளிம்பு வண்டியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்துடன் செல்கிறது. ஓடும் வண்டியைப் புகைப்படம் எடுத்தால், அடிப்பக்கத்து ஆரக்கால்கள் தெளிவாகவும், மேற்பக்கத்து ஆரக்கால்கள் மங்கலாகவும் விழுவதைக் காணலாம். சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஓர் இலை, வண்டி செல்லுகையில் வரிசை வரிசையான வில் வளைவுகளாக வானத்தில் கோடிடுகிறது. இந்த வளைகோட்டை ஆராய்ந்து அதற்குப் பெயரிட்டவர் இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ. ஒரு வில்லின் நீளம் சக்கரக் குறுக்களவின் நான்கு மடங்கு எனக் கண்டு நிறுவியவர் கிறிஸ்டபர் ரென் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1658. நமது வண்டியில் அது 600 செண்டிமீட்டர் ஆகும். வண்டி 471 செண்டிமீட்டர் போவதற்குள் அந்த இலை 6 மீட்டர் பிரயாணம் செய்துவிடுகிறது.

தொடுமிடம் அசையாது நிற்கிறது என்பதிலேயே சக்கரத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பொருள் மற்றொன்றின்மேல் தேய்ந்து நகர்ந்தால் அங்கே உராய்வு வேலையைத் தின்கிறது. சூடும் தேய்மானமும் உண்டாகின்றன. நெல் மூட்டையைத் தரையில் இழுத்துப் பார்த்தவர்க்கு இது தெரியும். உருளும் சக்கரத்தின் அடியில் தேய்வு இல்லை. நடக்கும் மனிதனுடைய பாதம் ஊன்றிய இடத்தில் நிற்பது போலவே, சக்கரத்தின் ஒவ்வொரு பாகமும் முறைமுறையாக வந்து தரையில் ஊன்றி, பின் மேலெழுகிறது. ஆகவே உராய்வு என்பது எப்பொழுதும் நமக்குப் பகையென்று எண்ணுவது பிழை. தரையின் பிடிப்பு இராவிடில் மாட்டு வண்டியின் சக்கரம் சுழலவே சுழலாது. ஏர்ச்சட்டம் போல் இழுபட்டுக்கொண்டு வரும். டிராக்டரோ ஓரடியும் நகராது.

அப்படியாயின் தேய்வு எங்கே போயிற்று? அது அச்சுக்குப் போயிற்று. சக்கரத்தின் குடம் அச்சின்மேல் தேய்ந்துகொண்டுதான் சுற்றுகிறது. ஆனால் அச்சின் குறுக்களவு 4 செண்டிமீட்டராயின், ஒரு சுற்றில் அங்கே தேயும் தூரம் பன்னிரண்டரை செண்டிமீட்டரே. 471 செண்டிமீட்டர் தூரம் தரையில் தேய்ந்திருக்கவேண்டியது, முப்பத்தேழில் ஒரு பங்காகக் குறைந்து, மண்ணும் கல்லும் படாத ஒரு சிறிய இடத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது. அவ்விடத்தில் வண்டி மையும் இடலாம், குண்டு பேரிங்கும் வைக்கலாம். வண்டி மையை மறந்துவிட்டு மாட்டை அடிக்கும் வண்டிக்காரர்களை இன்றும் காண்கிறோம். குடம் கிறீச்சிடும் ஓசை மாட்டின் தோளிலிருந்து களவு போகும் சக்தியின் ஓசையே.

இவ்வளவு சொன்னபின், சமதரையில் வண்டியை இழுக்க ஏன் சிரமம் இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். தரை அழுந்துவதே காரணம். கெட்டியான பாதையில் சக்கரம் சிறிதே அழுந்தும். மணலிலும் உழுத புழுதியிலும் ஆழமாகப் புதைந்து, தான் தோண்டிய பள்ளத்தின் முன்கரையை ஓயாமல் ஏறிக்கொண்டே செல்லவேண்டியதாகிறது. காற்றடைத்த டயர் பூட்டிய வண்டியில் 1000 கிலோ பாரத்தைத் தார்ச்சாலையில் இழுக்க 10 முதல் 20 கிலோ இழுப்பு போதுமாயிருக்க, அதே பாரத்திற்கு இளகிய மணலில் 200 கிலோவுக்கு மேலும் வேண்டியிருக்கும். தலைக்கு 400 கிலோ எடையுள்ள ஒரு ஜோடி எருதுகள், நாள் முழுவதும் தளராமல் கொடுக்கக்கூடிய இழுப்பு ஏறக்குறைய 80 கிலோவே. களத்துமேட்டிலிருந்து சாலை வரையுள்ள 100 கெஜ மணற்பாதைதான் மாட்டைக் கொல்லுகிறது. பின்னுள்ள மூன்று மைல் சாலையன்று. அப்பாதையில் செம்மண்ணும் சரளையும் கொட்டிக் கெட்டிப்படுத்துவதற்கு ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் செலவு வீண்போவதில்லை. பெரிய சக்கரம் பள்ளத்தின் கரையைச் சுலபமாக ஏறும் என்பதும், அகலமான பட்டை குறைவாகப் புதையும் என்பதும் முன்னோர் கண்டறிந்தவையே. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றபின், சிறிய சக்கரத்திலும் அந்நலம் கிடைத்தது.

சரிவில் உருளும் பொருள்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். வட்டமாக அறுத்த ஒரு கட்டி மரத்துண்டையும், சக்கரத்திலிருந்து கழற்றிய ஓர் இரும்புப் பட்டை வளையத்தையும் சரிவான பலகையின் உச்சியிலிருந்து ஒருமிக்க விடுத்துப் பாருங்கள். கனத்த வளையமே முந்தும் என்று பலர் பந்தயம் கட்டுவர். ஆனால் மரத்துண்டே முந்தும். மரத்துண்டு 4 அடி சென்றிருக்கும்போது வளையம் 3 அடியே சென்றிருக்கும். எடையும் பருமனும் இதில் கணக்கில்லை. எடை நடுவில் பரவியிருக்கிறதா, விளிம்பில் தங்கியிருக்கிறதா என்பதே கணக்கு. சரிவு அளிக்கும் சக்தியில் ஒரு பங்கு முன்னே செல்வதற்கும், மற்றொரு பங்கு சுழல்வதற்கும் செலவாகிறது. விளிம்பில் எடை தங்கிய வளையம் சரிபாதியைச் சுழற்சிக்கே கொடுத்துவிடுகிறது. கட்டித்துண்டு மூன்றில் ஒரு பங்கே கொடுக்கிறது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில், சரிவான பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டிச் செய்த சோதனைகளைக் கூறியிருக்கிறார். சுழற்சிக்குப் போகும் பங்கு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே விகிதமாயிருப்பதால், காலம் இருமடங்கானால் தூரம் நான்மடங்கு என்னும் அவருடைய விதிக்குப் பழுது நேரவில்லை.

இச்சரிவிலேயே அபாயமும் இருக்கிறது. நிற்கும் பிடிப்பைக் காட்டிலும் தேய்ந்து நகரும் பிடிப்பு குறைவானது. உருளும் சக்கரம் தரையை நிற்கும் பிடிப்பினால் பற்றுகிறது. தடைக்கட்டையை முழுப்பலத்துடன் அழுத்திச் சக்கரத்தைக் கட்டிப்போட்டுவிட்டாலோ, பிடிப்பு தேய்வாக மாறிக் குறைந்துவிடும். அது மட்டுமன்று: உருளும் சக்கரம் பக்கவாட்டில் நகர மறுக்கும், வழுக்கும் சக்கரத்திற்கோ எத்திசையும் ஒன்றே. கரும்பு ஏற்றிய டிரெயிலருடன் ஏரிக்கரையிலிருந்து இறங்கும் டிராக்டர், ஈரமண்ணில் சக்கரம் கட்டுண்டு பக்கமாகச் சரிவது இதனால்தான். இறக்கத்தில் கியரை நீக்கி ஓட்டலாகாது. மேட்டில் ஏறும்போது உபயோகித்த தாழ்ந்த கியரிலேயே இறங்கவேண்டும். இடது வலது பிரேக் மிதிகளைச் சாலையில் ஒன்றாகப் பிணைத்து வைத்தல் அவசியம். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவைத்த மிதிகளை அப்படியே மறந்து சாலைக்கு வந்து, ஒரு சக்கரம் மாத்திரம் பிடித்துக் கவிழ்ந்த டிராக்டர்கள் பல.

திரும்புதல் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் செல்லவேண்டும். எவ்வளவு அதிகம்? சக்கரங்களின் இடையகலம் 150 செண்டிமீட்டராயின், வந்த திசைக்கே முழுதும் திரும்ப 471 செண்டிமீட்டர் அதிகம். விரிவாக வளைந்தாலும் குறுகலாக வளைந்தாலும் அந்த அதிகம் ஒன்றே. மாட்டு வண்டியில் இரு சக்கரங்களும் அச்சின்மேல் தனித்தனியே சுற்றுவதால் தொந்தரவில்லை; வெளிச்சக்கரம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிடும். யந்திரத்தினால் சுழற்றப்படும் டிராக்டர் சக்கரங்களுக்கு இந்தச் சுதந்திரத்தை அளிப்பதே டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு. ஆனால் அதற்கொரு குறையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், சுழற்சி எல்லாம் அதற்கே போய், கெட்டித்தரையிலுள்ள மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். அப்பொழுது டிஃபரென்ஷியல் பூட்டைப் போட்டு இரண்டையும் ஒன்றாய்ச் சுழலச் செய்யலாம்; திரும்பும்போது மட்டும் அதைப் போடவே கூடாது. போட்டால் ஏதேனும் ஒரு சக்கரம் வழுக்கியே தீரவேண்டும், பற்சக்கரங்களும் முறியும்.

இனி முக்கிய விஷயத்திற்கு வருவோம். உழும் டிராக்டரின் சக்கரம் சிறிதும் வழுக்காமல் இராது. டயரின் வரிமேடுகள் மண்ணைப் பின்னோக்கி நெருக்கினால்தான் மண் எதிர்த்து நின்று இழுப்பைக் கொடுக்கும். அந்த நெருக்கமே ஒரு சிறு வழுக்கல்தான். அது சாதாரணமாக நூற்றுக்கு 8 முதல் 15 வரை இருத்தல் பொருத்தம். கெட்டி நிலத்தில் குறைந்த எண்ணும், இளகிய நிலத்தில் அதிக எண்ணும் கொள்ளலாம். அதற்கு மேற்பட்டது நஷ்டம். நூற்றுக்கு 30 வழுக்கினால், சக்கரத்திற்கு வந்து சேர்ந்த சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு மண்ணைக் கிளறுவதிலேயே தொலைகிறது, டயர் தேய்கிறது, ஈரமண்ணின் மேற்பரப்பு பூசி மெழுகியது போலாகி, நீரும் வேரும் இறங்காமல் தடைப்படுகிறது.

இதை அளக்க நூதனக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. பின்டயரில் சுண்ணாம்பினால் ஓர் அடையாளமிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் அதே வயலில் டிராக்டரை ஓட்டி, சக்கரம் 10 முறை சுற்றியதும் சென்ற தூரத்தை அளக்கவேண்டும். பின்பு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்றுக்கான தூரத்தை அளக்கவேண்டும். முதல் தூரம் 42 மீட்டர், இரண்டாவது 37 மீட்டர் எனின், குறைந்தது 5 மீட்டர். 42-க்கு 5 என்பது நூற்றுக்கு 12 ஆகும். இது நன்று. அளக்க நேரமில்லாதவர் தடத்தைப் பார்த்தும் ஒருவாறு அறியலாம். வரிமேடுகளின் அச்சு அப்படியே தெளிவாகப் பதிந்திருந்தால் டிராக்டரின்மேல் அளவுக்கு மிஞ்சிய எடை இருக்கிறது. நிலத்தை வீணாய் இறுக்குகிறது. அச்சு சற்றே கலைந்து, ஆயினும் அடையாளம் தெரிந்தால் சரி. ஒன்றும் தெரியாமல் மண் உழப்பப்பட்டிருந்தால் வழுக்கல் அதிகம்.

ஏரிப்பாசனமுள்ள ஒரு களிமண் வயலில், வாடகை டிராக்டர் ஒன்று உழுதுகொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு நேர்ந்தது. யந்திரம் பெருமுழக்கத்துடன் உழைத்தது. சக்கரமும் நன்றாகவே சுழன்றது. உரிமையாளர் வரப்பில் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தோம். தூக்கிய கலப்பையுடன் 42 மீட்டர் சென்ற சக்கரம், உழும்போது இருபத்தொன்பதரை மீட்டரே சென்றது. வழுக்கல் நூற்றுக்கு 30. கொழுவோ முனை மழுங்கித் தேய்ந்திருந்தது. ஆழமோ அப்பயிருக்கு வேண்டியதைவிட அதிகம். டயரில் சாலை ஓட்டத்திற்கு நிரப்பிய காற்று அப்படியே இருந்தது. கொழுவை மாற்றி, ஆழத்தைச் சிறிது குறைத்து, டயரின் காற்றை வயல் வேலைக்கென்று அதன் உற்பத்தியாளர் குறித்திருந்த அளவுக்குத் தணித்து ஓட்டியதும் தூரம் 37 மீட்டராயிற்று. கணக்கைப் பாருங்கள்: 8 மணி நேரத்தில் முடியவேண்டிய உழவு முன்னிருந்த நிலையில் 10 மணி நேரம் ஆகியிருக்கும். அந்த 2 மணி நேரத்து வாடகையை நிலமுடையவர் கொடுத்திருப்பார்; டீசலையும் டயரையும் டிராக்டர்காரர் இழந்திருப்பார்; இலாபம் ஒருவருக்குமில்லை. ஏக்கர் கணக்கில் வாடகை பேசினால் இந்த நஷ்டம் டிராக்டர்காரரைச் சேரும். அப்பொழுது அவரே கொழுவைக் கவனிப்பார் என்பது என் எண்ணம். மேற்சொன்ன பரிகாரங்கள் போதாவிடின், சக்கரத்தில் இரும்பு எதிரெடை மாட்டலாம். அல்லது டயரின் கொள்ளளவில் முக்கால் பங்கு வரை நீர் நிரப்பலாம். இலேசான வேலைக்கு அவ்வெடையை நீக்கிவிடவேண்டும்.

நன்செய்ச் சேற்றுழவில் கணக்கு வேறு. அங்கே சேற்றைக் குழப்புவதே வேலையாதலால், கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் வழுக்கிச் சுழல்வதும் ஒருவகையில் உழவே. ஆனால் அந்தக் கூண்டுடன் தார்ச்சாலையில் ஏறுவது பெருங்கேடு. டயர் பரந்து தாங்கும் பாரம் முழுவதும், கூண்டின் இரண்டு மூன்று இரும்புப் பட்டைகளின் விளிம்பில் குவிந்து சாலையை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் மழைநீர் இறங்கினால் ஒரு பருவத்தில் சாலை குழியாகிவிடும். கூண்டை வயலோரத்திலேயே கழற்றி டிரெயிலரில் ஏற்றிச் செல்லும்படி செய்வது கிராம அதிகாரிகளின் கவனத்திற்குரியது.

கடைசியாக, விதைப்புக் கருவியைப் பற்றி. பெரும்பாலான கருவிகளில் விதையைத் தள்ளும் உறுப்பைச் சுழற்றுவது தரையில் ஓடும் ஒரு சக்கரமே. இது டிராக்டரின் பின்சக்கரத்திற்கு நேர்மாறானது. யந்திரம் இதைச் சுழற்றுவதில்லை, தரையே சுழற்றுகிறது. ஆகவே பிடிப்பு குறைந்தால் இது அதிகமாய்ச் சுழலாமல் குறைவாய்ச் சுழலும். விதையும் குறைவாய் விழும். பெட்டியில் விதை நிறைய இருக்கும், கருவியும் ஓடும், குற்றம் எதுவும் தெரியாது, முளைத்தபின்தான் தெரியும்.

உதாரணமாக, சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டர், கருவி விதைக்கும் அகலம் 2 மீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3 சதுர மீட்டர். ஓர் ஏக்கருக்கு 1349 சுற்று. ஏக்கருக்கு 54 கிலோ நிலக்கடலைப் பருப்பு விழவேண்டுமாயின், ஒரு சுற்றுக்கு 40 கிராம் வீதம், 50 சுற்றுக்கு 2 கிலோ விழவேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் 50 முறை சுற்றி, விழுந்ததை நிறுத்து அளவைத் திருத்துவது வழக்கமான முறை. பலர் இத்துடன் நின்றுவிடுகின்றனர். கையால் சுற்றும்போது சக்கரம் இழுபடுவதில்லை, வயலிலோ இழுபடும். வயலில் 75 மீட்டர் தூரத்திற்கு முளையடித்து, கருவியை மண்ணில் இறக்கி ஓட்டி, சுற்றுக்களை எண்ணவேண்டும். 50 சுற்று இருக்கவேண்டிய இடத்தில் 45 இருந்தால், நூற்றுக்குப் பத்து இழுபடுகிறது. ஏக்கருக்கு 54 கிலோவுக்குப் பதில் நாற்பத்தெட்டரை கிலோவே விழும். அப்பொழுது 50 சுற்றுக்கு 2 கிலோ என்பதை மாற்றி, 45 சுற்றுக்கு 2 கிலோ விழும்படி அளவுத் திறப்பை அகற்றிக்கொள்ளல் வேண்டும். சக்கரத்தில் ஒட்டிய ஈரமண்ணைச் சுரண்டுவதும், அச்சுக்கு எண்ணெய் இடுவதும், சக்கரத்தை மண்ணில் அழுத்தும் சுருள்வில்லின் விறைப்பைச் சரிபார்ப்பதும் இதற்கு முன்னரே செய்யத்தக்கவை. புழுதி வயலில் எடுத்த கணக்கு ஈரவயலுக்கு உதவாது. நிலம் மாறுந்தோறும் 75 மீட்டரை மறுபடி எண்ணவேண்டும். ஓர் ஆள், ஒரு கயிறு, கால்மணி நேரம் இதற்குப் போதும்.